கொக்கி நழுவும் நாளுக்கான கருவி

காரின் முன்சக்கர ஷாக் அப்சார்பரை மாற்றுவது இன்று தமிழ்நாட்டின் எந்தச் சிற்றூர்ப் பட்டறையிலும் அன்றாட வேலை. சக்கரத்தைக் கழற்றுவது, பிரேக் ஹோஸை விடுவிப்பது, ஸ்ட்ரட்டை இறக்குவது எல்லாம் கை பழகியவருக்குச் சாதாரணம். அந்த ஸ்ட்ரட்டிலிருந்து காயில் ஸ்பிரிங்கைப் பிரிக்கும் கட்டம் மட்டும் அப்படியல்ல. அங்கே ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்துக் கொடுக்கும் கருவிதான் ஸ்பிரிங் கம்ப்ரசர். இரண்டு நீண்ட போல்ட், ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கி என்று ஓரிரு ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் எளிய வகையே பெரும்பாலான சிறு பட்டறைகளில் புழங்குகிறது. அதை ஒரேயடியாகக் கண்டிப்பவர்கள் உண்டு. ‘இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே’ என்று அப்படியே நம்புகிறவர்களும் உண்டு. இரு தரப்பும் அந்தக் கருவி எந்த இடத்தில் தோற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை. பார்த்தால்தான் எதை வாங்குவது, எதை ஒதுக்குவது என்று சொல்ல முடியும்.

எந்த வண்டிக்கு, எந்த ஸ்பிரிங்குக்கு?

இலுப்பூரை எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை மாவட்டத்தின் மூன்று வருவாய்க் கோட்டங்களில் ஒன்றுக்கு இதுதான் தலைமையிடம். அன்னவாசல் வழியே புதுக்கோட்டைக்கும், விராலிமலைக்கும், மணப்பாறைப் பக்கத்துக்கும் இங்கிருந்து சாலைகள் பிரிகின்றன. கல்குவாரி லாரிகள் ஓடும் மாவட்டம் இது. கிராமச் சாலைகளின் குழிகளும் வேகத்தடைகளும் ஷாக் அப்சார்பரின் ஆயுளைக் குறைக்கும். எனவே இப்படிப்பட்ட ஊரில் சஸ்பென்ஷன் வேலைக்குப் பஞ்சமிருக்காது.

ஆனால் வருகிற எல்லா வண்டிக்கும் கம்ப்ரசர் தேவையில்லை. டாடா ஏஸில் முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங்தான். ஆம்னியின் பின்பக்கமும் அப்படியே. ஆல்ட்டோவின் பின்பக்கம் காயில் ஸ்பிரிங் உண்டு. ஆனால் அது ஷாக்கிலிருந்து தனியாக நிற்பது. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி ஆக்சிலை ஜாக்கியில் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். கம்ப்ரசர் இல்லாமல் முடியாது என்ற நிலை வருவது, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகக் கோத்த முன்பக்க மேக்பெர்சன் ஸ்ட்ரட்டில்தான்: ஆல்ட்டோ, வேகன் ஆர், ஸ்விஃப்ட், ஆம்னியின் முன்பக்கம் எல்லாம் இந்த வகை. இன்னோவாவின் முன்பக்கம் விஷ்போன் வகை என்றாலும் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகவே கோத்திருக்கும். சிறிய கார்களோடு பார்த்தால் கம்பி தடிமன், விசை அதிகம்.

எர்ல் மேக்பெர்சன் வடிவமைத்த இந்த ஸ்ட்ரட் 1950 வாக்கில் ஃபோர்டு கார்களில் வந்தது. நம் ஊரில் அதைப் பரவலாக்கியது 1983 டிசம்பரில் வெளியான மாருதி 800. அதற்கு முன் தெருவை ஆண்ட அம்பாசடரில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் பட்டை. ஆகவே அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளில் பலருக்கு அமுக்கிய காயில் ஸ்பிரிங் கையாளத் தெரிந்திருக்க வேண்டிய தேவையே குறைவு. வண்டி மாறியது, பட்டறையின் ஜாக்கியும் ஸ்பேனரும் வைஸும் மாறவில்லை. கயிற்றால் கட்டிப் பிரிப்பது, கம்பியைச் சுற்றி இறுக்குவது போன்ற குறுக்கு வழிகள் இந்த இடைவெளியில்தான் நுழைந்தன. அவற்றில் எடைபோட நல்ல பக்கம் எதுவும் இல்லை, விட்டொழிக்க வேண்டியவை.

பூட்டியிருக்கும் விசை எவ்வளவு?

ஒரு மில்லிமீட்டர் அமுக்க 2 கிலோ எடை கேட்கும் ஸ்பிரிங் என்று வைத்துக்கொள்வோம். சிறிய காருக்குப் பொருந்தும் அளவு அது. இயல்பான நீளத்திலிருந்து 150 மி.மீ. அமுக்கினால் அது 300 கிலோ விசையுடன் எதிர்த்துத் தள்ளும். அதற்குள் சேர்ந்திருக்கும் ஆற்றல், 50 கிலோ சிமெண்ட் மூட்டை 45 செ.மீ. உயரத்திலிருந்து விழும்போது தரும் ஆற்றலுக்குச் சமம். மூட்டையின் எடை பரந்து விழும். ஸ்பிரிங் விடுபட்டால் அத்தனையும் 2 கிலோகூட இல்லாத இரும்பில் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறும். முழுவதும் வேகமாக மாறினால் 2 கிலோ இரும்பு மணிக்கு 50 கி.மீ.க்கு மேல் பாயும். இன்னொன்றும் நினைவில் இருக்க வேண்டும்: அமுக்கும் தூரம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும். ‘இன்னும் நாலு சுற்று இறுக்கிக்கலாம்’ என்ற கடைசி நேர அவசரம் அதனால்தான் ஆபத்தானது.

இந்த விசை எங்கே பாயும் என்பதையும் பாருங்கள். ஸ்ட்ரட்டை நிறுத்தும் ஸ்டாண்ட் இல்லாத பட்டறையில் மெக்கானிக் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஸ்ட்ரட்டை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி, மேல் நட்டைக் கழற்றுகிறார். டாப் மவுண்ட் நேராக அவர் முகவாயைப் பார்த்து நிற்கிறது. வேலை கற்கும் பையன் எதிரே குனிந்து கீழ்ப்பகுதியைப் பிடித்துக்கொள்கிறான். கொக்கி நழுவினால் மேலே போவது ஒருவர் முகத்துக்கு, பக்கவாட்டில் போவது மற்றவர் கைக்கு.

இரட்டைக் கொக்கி: நிறையும் குறையும்

இந்தக் கருவியின் நிறைகள் உண்மையானவை. விலை குறைவு. மின்சாரம், காற்று, தரையில் போல்ட் எதுவும் வேண்டாம். சாக்கில் போட்டு, வண்டி நின்றுபோன இடத்துக்கே எடுத்துச் செல்லலாம். திருகு என்பதால் நாம் விட்டாலும் அது தானாகத் தளராது. இரண்டு போல்ட்டையும் சரிசமமாக, எதிரெதிரே சரியாக வைத்து, ஒரு பக்கம் மூன்று சுற்று, மறுபக்கம் மூன்று சுற்று என்று கையால் இறுக்கினால் சிறிய காரின் நேரான ஸ்பிரிங்கை ஒழுங்காகவே அமுக்கும்.

குறை எங்கே? பலரும் நினைப்பது போல் போல்ட் அறுந்து போவதில் இல்லை. 8.8 கிரேடு 14 மி.மீ. போல்ட் ஒன்று 6 டன்னுக்கு மேல் இழுவை தாங்கும். நம் கணக்கில் அதன் பங்கு 150 கிலோதான். ஆகவே பெட்டியின் மேல் ‘1 டன்’, ‘2 டன்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நிம்மதி அடைவதில் பொருளில்லை. தோற்பது கொக்கி. காயில் கம்பி சாய்வாக ஏறிச் செல்வது. அதன்மேல் உட்காரும் கொக்கிக்குக் கீழ்நோக்கி வழுக்கும் போக்கு எப்போதும் இருக்கும். ஒரு பக்கம் கொஞ்சம் கூடுதலாக இறுகியதும் ஸ்பிரிங் மறுபக்கம் வில்லாக வளைகிறது. வளைந்ததும் கொக்கிகள் இரண்டும் எதிரெதிரே இருந்த நிலை மாறி ஒரே பக்கமாக நகர்கின்றன. அப்போது முழு விசையும் இரண்டு விரற்கடை அகலமுள்ள பிடியில் நிற்கிறது. கிரீஸும் மண்ணும் படிந்த கம்பி என்றால் பிடிமானம் இன்னும் குறையும்.

அடுத்தது நேரம். 14 மி.மீ. போல்ட்டின் சாதாரண மரை ஒரு சுற்றுக்கு 2 மி.மீ.தான் நகரும். ஸ்பிரிங்கை 100 மி.மீ. அமுக்க ஒவ்வொரு போல்ட்டுக்கும் 50 சுற்று. மாற்றி மாற்றி நூறு சுற்று, திரும்ப விடுவதற்கு இன்னொரு நூறு. வாடிக்கையாளர் டீக்கடையில் காத்திருக்கிறார். கை தானாக ஏர் கன்னைத் தேடிப் போகிறது. கன்னின் அடியில் மரை சூடேறிக் கடிபடும். ஒரு பக்கம் மட்டும் விறுவிறுவென்று இறுகிவிடும். ஸ்பிரிங் முறுக்கிக்கொள்வதைக் கை உணர முடியாது. கையால் மட்டுமே இறுக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வதன் காரணம் இதுவே. ஆக, நேரத்தை மிச்சப்படுத்தும் ஆசையைத் தாங்க முடியாத வடிவம் இது. இதை மெக்கானிக்கின் அலட்சியம் என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயமல்ல.

லேத் பட்டறையில் செய்து வாங்கும் கொக்கி இன்னொரு ரகம். திருச்சியைச் சுற்றியுள்ள பட்டறைகளின் கைத்திறன் ஊரறிந்தது. தேவைக்கேற்ற அளவில் செய்து தருவார்கள், தேய்ந்தால் சரி செய்வார்கள். சிக்கல் இரும்பில் இருக்கிறது. வீடு கட்டும் டி.எம்.டி. கம்பியில் மரை வெட்டினால், அதன் வலுவைத் தாங்கும் கடினமான மேல்வளையத்தையே சீவி எறிந்துவிட்டு மென்மையான உள்பகுதியில் மரை எடுத்ததாக ஆகும். பற்றவைத்த கொக்கியில் வெல்டிங்கை ஒட்டிய பகுதி நொறுங்கும் தன்மை கொள்ளக்கூடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. யாரும் சுமை ஏற்றிச் சோதிப்பதும் இல்லை.

மாற்று வகைகளும் குறையற்றவை அல்ல

ஒற்றைத் திருகுத்தண்டும் அரைவளையத் தாடைகளும் கொண்ட வகை, கம்பியை இரண்டு புள்ளியில் அல்லாமல் ஒரு நீண்ட வளைவு முழுவதும் ஏந்துகிறது. ஸ்பிரிங் வழுக்கவும் வளையவும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மரை உறைக்குள் இருப்பதால் தூசி படிவதும் குறைவு. ஆனால் தாடையின் அளவு ஸ்பிரிங்கின் விட்டத்துக்குப் பொருந்த வேண்டும். ஆல்ட்டோவுக்கு ஒரு ஜோடி, இன்னோவாவுக்கு வேறொரு ஜோடி. பொருந்தாத தாடையைச் சமாளித்து மாட்டினால் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அங்கேயே போய்விடும்.

தரையிலோ சுவரிலோ பொருத்தும் ஸ்டாண்ட் வகையில் ஸ்ட்ரட் நிமிர்ந்து நிற்கும். நெம்புகோல், திருகு அல்லது ஹைட்ராலிக் ஜாக்கி அமுக்கும். இதன் பெரிய வரம், மனிதனின் முகத்தை ஸ்பிரிங்கின் பாதையிலிருந்து விலக்குவது. கூண்டுக் கதவு இருந்தால் கொக்கியே நழுவினாலும் இரும்பு வெளியே வராது. குறைகளும் உண்டு. விலை பல மடங்கு. ஹைட்ராலிக்கில் வேலை சுலபம் என்பதால் சுருள்கள் ஒன்றையொன்று தொடும் வரை அமுக்கிவிடும் ஆபத்து உண்டு. அடிப்பாகம் கான்கிரீட்டில் உறுதியாக நிற்காவிட்டால் ஸ்டாண்டே சாயும். மண்தரையிலோ பழைய செங்கல் சுவரிலோ பொருத்தி ஏமாறக் கூடாது. இடைஞ்சலாக இருக்கிறது என்று கூண்டைக் கழற்றி மூலையில் வைக்கும் பழக்கம், கொடுத்த பணத்தில் பாதியை எறிவதற்குச் சமம்.

எல்லா வகைக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு: இரும்புத் தாடை கம்பியின் பூச்சைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் துரு குழி பறிக்கும். அந்தக் குழியிலிருந்துதான் பின்னாளில் விரிசல் ஓடும். நைலான், ரப்பர் உறையுள்ள தாடை இதற்காகவே. அதை அலங்காரம் என்று ஒதுக்கக் கூடாது.

சட்டம் எட்டாத இடம்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் மின்விசையுடன் 10 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலையாகக் கொண்டது. 2020-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 20 ஆக்கியது. முதலாளியும் இரண்டு பையன்களும் கொண்ட பட்டறை இரண்டிலுமே இந்த வரையறைக்குள் வராது. அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்ப்போருக்குமான தமிழ்நாட்டு நல வாரியம் இருக்கிறது. அதில் பதிந்துகொள்வது அவசியம். ஆனால் உதவித்தொகை காயத்துக்குப் பின் வருவது. ஐரோப்பியக் கருவிகளில் உள்ள சி.இ. முத்திரைகூடப் பெரும்பாலும் தயாரிப்பாளர் தானே அறிவித்துக்கொள்வது, ஜெர்மனியின் ஜி.எஸ். முத்திரைதான் வெளியார் சோதித்துத் தருவது. ஆகவே இலுப்பூரில் கருவியைத் தேர்ந்தெடுக்கும் பட்டறைக்காரர்தான் அந்தப் பையன்களுக்குப் பாதுகாப்பு ஆய்வாளரும். இந்தப் பொறுப்பின் கனத்தை அவர் உணர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வேண்டுகோள்.

என்ன செய்யலாம்?

எத்தனை டன் தாங்கும் என்று கேட்டு வாங்குவது தவறான அளவுகோல். கை தவறும் நாளில், ஒரு பிடி விட்டால் அடுத்தது எது பிடிக்கும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. அந்தக் கேள்விக்கு இரட்டைக் கொக்கியிடம் உள்ள பதில், கம்பியைச் சுற்றி வளைத்துப் பூட்டும் பின் மட்டும்தான். பின் இல்லாத கொக்கியை எந்த விலைக்கும் வாங்கக் கூடாது. பின் உள்ளதைச் சிறிய கார்களின் நேரான ஸ்பிரிங்குக்கு மட்டும், கை ரேட்செட்டால் மட்டும் பயன்படுத்தலாம். இன்னோவா போன்ற தடித்த ஸ்பிரிங்கும், பீப்பாய் போல் நடுவில் உப்பிய ஸ்பிரிங்கும் அதற்கு உரியவை அல்ல.

அவற்றுக்கு ஸ்டாண்ட் வேண்டும். ஒவ்வொரு பட்டறைக்கும் தனித்தனியாகக் கட்டுப்படியாகாது என்பது நியாயமான வாதம். ஆனால் காரிலிருந்து ஸ்ட்ரட்டை இறக்கக் கம்ப்ரசரே தேவையில்லை. மேல் நட்டைத் தொடாத வரை ஸ்பிரிங் தன் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். ஒருவர் அதை டி.வி.எஸ். எக்ஸ்எல்லில் வைத்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோய்விடலாம். எனவே நான்கைந்து பட்டறைகள் சேர்ந்து கூண்டுள்ள ஸ்டாண்ட் ஒன்றை வாங்கி ஒரே இடத்தில் நிறுவலாம். பொதுச்சொத்துக்குக் கவனிப்பு இருக்காது என்ற அச்சம் உண்மை. அதற்கு மாற்று, ஸ்டாண்ட் ஒருவருக்கே சொந்தமாக இருந்து, மற்றவர்கள் ஸ்ட்ரட்டுக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்துப் பிரித்து வாங்குவது. இன்ஜின் ஹெட்டை மட்டம் சீவ லேத்துக்கு அனுப்பும் ஊரில் இது புதிய ஏற்பாடு அல்ல. எந்தக் கருவியானாலும், ஸ்பிரிங் இரு முனையிலும் இருக்கையை விட்டுத் தளர்ந்து கையால் சுற்றும்படி ஆகும் வரை மேல் நட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது என்ற விதி மாறாது.

கடைசியாக, கழித்துக்கட்டும் ஒழுங்கு. மரை கடிபட்டாலோ, கொக்கியின் வாய் சிறிது விரிந்தாலோ அந்தச் செட்டின் காலம் முடிந்தது. அடித்து நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது. பழைய இரும்புக் கடையில் போடும்முன் கட்டரால் இரண்டாக அறுத்துப் போடுங்கள். முழுதாகப் போட்டால், புதிதாகப் பட்டறை தொடங்கும் இன்னொருவர் அதை எடைக்கு வாங்கி மாட்டுவார். காயம் அவருடைய பையனுக்கு ஆகும்.