பறையும் கித்தாரும்: 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' இசைக்குழு – ஒரு திறனாய்வு நோக்கு

நாட்டார் இசையை ராக் இசையோடு இணைக்கும் தமிழ் முயற்சிகள் பலவற்றில் நாட்டார் கூறு பாடலுக்குரிய அணியாக மட்டுமே நின்றுவிடுகிறது. இந்நிலையினின்று வேறுபட்ட 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் இசையை ஆராய்ந்து, பேராக் மாநிலத் தோட்டப்புற இசைமரபைப் பயில்வோர்க்கு அது உணர்த்துவதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய இக்குழு, 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) சாதியற்ற தமிழர் என்னும் கருத்தே குழுவின் பெயருக்கு அடிப்படை. தொடக்கத்தில் இடம்பெற்ற 19 கலைஞர்களுள் பெண், கானாப் பாடகி இசைவாணி ஒருவரே.

இக்குழுவின் சிறப்பு, நாட்டார் கருவிகளைச் சேர்த்ததில் இல்லை. அவற்றுக்கு அளித்த இடத்தில் உள்ளது. பறையும் சட்டியும் நடையை வகுக்கின்றன. கித்தார் அதற்கு இசைந்து செல்கிறது. கானாக் குரல் மெருகேற்றப்படாமல் வடசென்னைப் பேச்சொலியோடே ஒலிக்கிறது. கானா சாவு வீடுகளில் பாடப்பட்டது. பறை இழிவுக் குறியாக்கப்பட்டது. இவ்வரலாற்றை விலக்கித் தாளத்தை மட்டும் எடுத்துக்கொள்வது எளிது. இக்குழு அவ்வாறு செய்யவில்லை. இடஒதுக்கீட்டைப் பேசும் 'கோட்டா' பாடலில் இழிவுக்குள்ளான அக்குரலே வாதிடும் குரலாகிறது.

குறையும் உண்டு. கானாவின் வலிமை குறிப்பிட்ட மனிதரையும் நிகழ்வையும் பாடுவதில் உள்ளது. சில பாடல்களில் முழக்கம் மேலோங்க, அம்மனிதர் மறைந்துவிடுகின்றனர்.

இனி நம் மாநிலத்தை நோக்குவோம். 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர்ப் பெருகிய தோட்டங்களில் தமிழர் குடியேறினர். அங்கே தப்பு சாவு வீட்டிலும் உறுமி கோயில் விழாவிலும் ஒலித்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபோது உறுமி அவர்களுடன் வந்தது. ஈப்போ குனோங் சீரோவில் தைப்பூசத்தன்று அதனைக் கேட்கலாம். தப்புக்கோ அத்தகைய பொதுமேடை வாய்க்கவில்லை. மலேசியத் தமிழ்த் தனியிசையில் பெரும் தாக்கம் விளைவித்த யோகி பி – நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' (2006) இசைத்தொகுப்பும் ராப் வழியே சென்றது. 1980ஆம் ஆண்டுத் திரைப்பாடல் ஒன்றை அது புதுப்பித்தது. அது குறையன்று, எனினும் தோட்டத்துத் தப்பு அங்கும் மேடையேறவில்லை.

இதில் நமக்கும் பங்குண்டு. தோட்டப்புறப் பாடல்களை நாம் வகுப்பறையில் வரிவடிவமாகவே கற்பிக்கின்றோம். துயரம், உவமை, வட்டார வழக்கு ஆகியவற்றை விளக்குகின்றோம். தப்படித்தவர் யார், அவர் ஏன் ஒதுக்கி நிறுத்தப்பட்டார் என்பவற்றைக் கேட்பதில்லை. சொல்லைச் சேகரித்த நாம் ஒலியையும் அதன் சமூக இடத்தையும் விட்டுவிட்டோம்.

சுங்கை சிப்புட்டிலும் புந்தோங்கிலும் வாழும் முதிய கலைஞர்களின் அடவுகளை ஒலிப்பதிவு செய்வது தமிழாசிரியர் கடமையுமாகும். நாளை ஈப்போ இளைஞர் ஒருவர் கித்தாருடன் தப்பைச் சேர்க்க விழைந்தால், அவர் கேட்டுக் கற்பதற்கு அவ்வொலி எஞ்சியிருத்தல் வேண்டும்.