கண்டி நாயக்கரும் ‘அந்நியர்’ என்னும் சொல்லும்

ஒரு நாட்டிற் குடிபுகுந்தோர் எத்தனை தலைமுறை கழிந்த பின்னர் அந்நாட்டவராகக் கருதப்படுவர் என்பது எளிதில் விடைகாணத்தக்க வினா அன்று. இவ்வினாவுக்குக் காலந்தோறும் கூறப்பட்டுவந்த விடைகள் பலவாம். அவை வந்தோரின் இயல்பைக் காட்டுவதிலும் விடை கூறினோரின் தேவையையே மிகுதியும் புலப்படுத்துவன. இலங்கை வரலாற்றில் இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குவது, 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்க மன்னர் நால்வரின் வரலாறாகும். அவர்களைப் பற்றிப் பேசும் எழுத்துக்களுள் மூன்று சிறப்பாக நோக்கத்தக்கன: சூளவமிசத்தின் பிற்பகுதி, வடிக ஹடன என்னும் சிங்களப் போர்ப்பாடல், 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கை. இம்மூன்றையும் ஒருங்குவைத்து ஆராயுமிடத்து, ‘அந்நியர்’ என்னும் சொல் எவ்வாறு பிறந்து எவ்வாறு வளர்ந்தது என்பது விளங்கும்.

வரலாறு தொடங்குமிடம் குண்டசாலை. மகாவலிக் கரையிலுள்ள இவ்வூரில் மாளிகை அமைத்து வாழ்ந்தமையால், வீர நரேந்திரசிங்கன் (1707–1739) குண்டசாலை மன்னன் என்றே வழங்கப்பெற்றான். கண்டி மன்னர் மதுரையிலிருந்து அரசியரைப் பெறும் வழக்கம் இவனுக்கு முன்னரே வேரூன்றியிருந்தது. அரசுரிமைக்குச் சூரியகுல க்ஷத்திரிய மரபு வேண்டும் என்பது அக்காலக் கொள்கை. உள்நாட்டுப் பிரதானிகளின் குடும்பங்களுள் ஒன்றிலே மன்னன் மணம் கொண்டால் ஏனைய குடும்பங்கள் பொறாமை கொள்ளும் என்ற அரசியல் எண்ணமும் அதனோடு சேர்ந்திருந்தது. நரேந்திரசிங்கனுக்குப் பட்டத்தரசி வயிற்றிற் புதல்வர் இலர். சிங்களப் பிரபு குலப் பெண்ணொருத்தி வயிற்றிற் பிறந்த உனம்புவே என்னும் மைந்தன் இருந்தான். எனினும் அரசியின் சகோதரனே ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்னும் பெயருடன் 1739இல் முடிசூடினான். நாயக்கர் படையெடுத்து வந்தவர் அல்லர். மண உறவால் வந்து, நாட்டின் அரசுரிமைக் கொள்கையாலேயே அரியணை ஏறியவர். இதனை மனத்திற் கொள்ளாது அவர்களைப் பற்றி எழுதப்படும் எதுவும் முறையான திறனாய்வு ஆகாது.

இனி, சூளவமிசம் இவர்களை எவ்வாறு காண்கின்றது? கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் (1747–1782) காலத்தில் திப்பொட்டுவாவே தேரர் அந்நூலைத் தம் காலம் வரை தொடர்ந்து பாடினார். மதுரையிலிருந்து வந்த அரசியர் பழைய சமயத்தைக் கைவிட்டுப் பௌத்த நெறியைத் தழுவியதை அது போற்றுகின்றது. கீர்த்தி ஸ்ரீ மன்னனையோ சாசனத்தைக் காத்த பேரரசனாகப் பல பாடல்களிற் புகழ்கின்றது. மன்னனின் ஆதரவில் எழுந்த நூலாதலின் இப்புகழ்ச்சி முழுவதையும் அப்படியே கொள்ளல் ஆகாது எனலாம். அவ்வாறு ஐயுறுதல் முறையே. ஆயினும் நூலுக்குப் புறம்பாகக் கல்லும் சுவரும் சான்று பகர்கின்றன.

குண்டசாலைக்கு அண்மையிலுள்ள கல்மடுவைக் கெடிகே இத்தகைய சான்றுகளுள் தலையாயது. கீர்த்தி ஸ்ரீ எடுப்பித்த அக்கற்றளி புத்தர் கோயில். அதன் மேலோங்கும் அடுக்கோ தென்னாட்டுக் கோபுரத்தை நினைவூட்டுவது. அதற்கு அணித்தாகவே தெகல்தொருவைக் குகைக்கோயில் உளது. அதன் சுவர்களிற் காணப்படும் புத்த சாதகக் கதை ஓவியங்கள் கண்டி ஓவிய மரபின் சிறந்த எடுத்துக்காட்டுகளாக இன்றும் போற்றப்படுகின்றன. இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதை முறையை, 1753இல் சீயத்திலிருந்து உபாலி தேரரை வருவித்து மீண்டும் நிலைநாட்டியவனும் இம்மன்னனே. சியாம் நிகாயம் அதனாற் பிறந்தது. விட்டுணு, நாதர், கதிர்காமக் கடவுள், பத்தினி ஆகிய தெய்வங்களின் ஊர்வலத்தோடு தந்ததாது ஊர்வலமும் இணைந்து இன்றைய எசல பெரகராவாக உருப்பெற்றதும் இவன் காலத்திலேயே. கண்டிப் பண்பாடு என்று இன்று தனித்தூய்மை உடையதாகப் போற்றப்படுவதன் பெரும்பகுதி, வந்தோரும் இருந்தோரும் கூடி ஆக்கியதே.

இத்தகைய மன்னனையும் வெறுத்தோர் இருந்தனர். 1760இல் சமனக்கொடி அதிகாரமும் பிக்குமார் சிலரும் அவனைக் கொல்லச் சூழ்ந்தனர். மன்னன் திருநீறு அணிதலை விட்டிலன் என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. சதி வெளிப்பட்டது, அதிகாரம் கொலைத் தண்டனை பெற்றான். ஈண்டு நுணுகி நோக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. மன்னனை நீக்கிய பின்னர் அரியணையில் அமர்த்த அவர்கள் எண்ணியது உள்நாட்டான் ஒருவனை அன்று. சீயநாட்டு இளவரசன் ஒருவனையே. பிறநாட்டிற் பிறந்தமைதான் குற்றமாயின், சீயத்தான் எவ்வாறு ஏற்புடையவன் ஆயினான்? பிறப்பு அன்று, அதிகாரமும் சமய ஐயமுமே அங்கு முதற்காரணம் என்பது இதனாற் பெறப்படும்.

அரைநூற்றாண்டு கழிந்த பின்னர் அக்குரல் பாட்டாக ஒலித்தது. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1798இல் அரசனாக்கியவன் பிலிமத்தலாவை அதிகாரம். இளைஞன் தன் சொற்படி நடப்பான் என்பது அவன் எண்ணம். அது பொய்த்தபின் பகை மூண்டது. 1814இல் எகலப்பொல அதிகாரம் ஆங்கிலேயரை அடைந்தான். அவன் மனைவி மக்களை மன்னன் கொல்வித்தான். இக்கொடுமையை எவ்வாற்றானும் நியாயப்படுத்தல் இயலாது. எகலப்பொலவைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்ட வடிக ஹடன இத்துயரிலிருந்து ஆற்றல் பெறுகின்றது. அதன் அவலச்சுவை உண்மையானது. ஆயினும் நூல் அத்துடன் நிற்கவில்லை. ஒருவன் செய்த கொடுமையை ஓர் இனத்தின் குணமாக ஆக்கிவிடுகின்றது. நூற்பெயர் வடுகரைச் சுட்டும். நூலினுள் இகழப்படுவோர் தமிழர். வெறுப்பு நுண்ணிய வேறுபாடுகளை நாடுவதில்லை.

பாட்டு ஏற்றிய பழியை உடன்படிக்கை சட்டமாக்கிற்று. 1815 மார்ச் 2ஆந் திகதி நிறைவேறிய அவ்வாவணம், ‘மலபார்’ இனத்தாருக்குக் கண்டி அரசில் எவ்வுரிமையும் இல்லை என விலக்கியது. மன்னனின் ஆண் உறவினர் அனுமதியின்றி அந்நாட்டினுட் புகுதலையும் தடுத்தது. அதிற் கைச்சாத்திட்ட பிரதானிகள் சிலரின் கையொப்பங்களிலேயே தமிழ் எழுத்துக்கள் காணப்படுகின்றன! தமிழெழுத்தால் ஒப்பமிட்டுத் தமிழரை விலக்கிய அவர்கள், கடல்கடந்து வந்த மூன்றாம் ஜோர்ஜ் மன்னனுக்கு நாட்டை அளித்தனர். அந்நியனை அகற்றுதல் என்னும் முழக்கம் ஈற்றில் யாருக்குப் பயன்பட்டது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான்.

இத்தருணத்தில் தமிழர் பக்கத்துப் பிழையையும் எடுத்துரைத்தல் கடன். கண்டியின் இறுதி மன்னன் தமிழன் என்று பெருமிதம் கொள்ளுதல் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. நாயக்கர் மரபால் வடுகர். தெலுங்கு அவர்தம் குலமொழி. பல தலைமுறை வாழ்ந்ததால் தமிழும், அரசாண்டதால் சிங்களமும் அவர்க்கு உரியவாயின. அவர்கள் ஆண்டது சிங்கள நாட்டு மன்னராக, பௌத்த சாசனக் காவலராக. அவர்களைத் தமிழர் என்று மட்டும் உரிமை பாராட்டுவது, தமிழர் என்று மட்டும் இகழ்ந்த வடிக ஹடனவின் கூற்றை மறுபுறமிருந்து ஒப்புக்கொள்வதாகவே முடியும். புகழும் இகழும் இங்கு ஒரே தவற்றின் இரு முகங்கள்.

இவ்வாராய்ச்சி பழங்கதையளவில் நிற்பதன்று. கண்டிச் சீமையின் கோப்பி, தேயிலைத் தோட்டங்களைத் தம் உழைப்பால் உருவாக்கிய மக்களின் வழித்தோன்றல்கள், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோர் ஆயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் நோக்குவதாக விட்டது. அவ்வழியினருள் எஞ்சிய நாடற்றோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. குண்டசாலைக்கு அயலிலுள்ள திகனையில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. இலக்கானோர் மாறினர், சொல் மாறவில்லை.

வந்தோர் நாட்டுக்கு என்ன கொண்டுவந்தனர், நாடு அவர்களை என்னவாக ஆக்கியது என்னும் வினாக்களை எழுப்பி விடைகாண்பதே வரலாற்று நோக்கு. எப்பொழுது வந்தனர் என்பதை மட்டும் எண்ணுவது வழக்காடுவோர் நோக்கு. ஆள்வோன் கொடியனாயின் அவன் செயலைக் கொண்டு அவனைக் கடிதலே அறம்; குலத்தைக் கொண்டு கடிதல் அறமன்று. கல்மடுவைக் கோயிலைக் காண்போர் அதன் கோபுர அடுக்கைத் தென்னாட்டார்க்கும் புத்தர் பீடத்தைச் சிங்களவர்க்கும் எனப் பிரித்தெடுத்தல் ஒல்லாது. பிரிக்க முயன்றால் எஞ்சுவது கோயிலன்று, வெறுங் கற்குவியலே.