ஜப்பானியரின் நிணநீர்ப் புற்று: பகுப்பு முறை பற்றி ஒரு திறனாய்வு

பகுத்தறிதல் கல்வியின் முதற்படி. ஆனால், எதனை அடிப்படையாகக் கொண்டு பகுக்கின்றோம் என்பதைப் பொறுத்தே பகுப்பின் பயன் அமையும். 'வேங்கை' என்னும் சொல்லின் எழுத்தை மட்டும் நோக்கினால் மரமும் புலியும் ஒன்றாகிவிடும். இடம் நோக்கிப் பொருள் கொள்க என்று நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கின்றோம். மருத்துவ நூலார்க்கும் இதே இடர்ப்பாடு நேர்ந்தது. ஜப்பானிய நோயாளரிடம் காணப்படும் நிணநீர்ப் புற்றை அவர்கள் வகைப்படுத்திய வரலாறு அதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றின் குறைநிறைகளை ஈண்டு ஆராய்வோம்.

கழுத்திலும் அக்குளிலும் நெறி கட்டுவதை யாவரும் அறிவர். பெரும்பாலும் அது புண்ணாலோ காய்ச்சலாலோ தோன்றித் தானே வடிந்துவிடும். அந்நிணநீர்க் கணுக்களில் வாழும் வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காது பெருகுவதே நிணநீர்ப் புற்று. 1832ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் இத்தகைய கணு வீக்கங்களை விரித்துரைத்தார். பின்னர் ஒருவகைப் புற்று அவர் பெயரால் வழங்கலாயிற்று. எஞ்சிய அனைத்தும் 'ஹாட்ஜ்கின் அல்லாதவை' எனப்பட்டன. பெயர்ச்சொல் அல்லாதன என்று கூறி, வினையையும் இடையையும் உரியையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைப்பது போன்றது இது. 'அல்லாதது' என்னும் பெயர் ஒரு பொருளின் இயல்பை உணர்த்துமா?

1966இல் அமெரிக்க அறிஞர் ராப்பபோர்ட் வகுத்த பகுப்பு அந்த மூட்டையை அவிழ்த்தது. அணுக்கள் முடிச்சு முடிச்சாகத் திரண்டுள்ளனவா, பரந்து கிடக்கின்றனவா, சிறியனவா, பெரியனவா என நுண்ணோக்கியில் தோன்றும் வடிவத்தையே அவர் அளவுகோலாகக் கொண்டார். முறை எளிது, பயனும் இருந்தது. ஆயினும், திசுக்களில் உள்ள வேறோர் அணுவைச் சேர்ந்தவை என்று அவர் பெயரிட்ட பெரிய அணுக்களுள் பெரும்பாலானவை உருமாறிய நிணநீர் வெள்ளணுக்களே எனப் பின்னர்த் தெளிவாயிற்று. மேலும், வெள்ளணுக்கள் 'பி' என்றும் 'டி' என்றும் இருவேறு குலத்தவை என்பதும் அக்காலத்தில் புலனாகி வந்தது. ஒரே உருவம், இரண்டு குலம்; வேங்கையின் கதைதான் இதுவும்.

1977இல் தகட்சுகி, உச்சியாமா முதலிய ஜப்பானிய மருத்துவர்கள் 16 நோயாளரைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டனர். யாவரும் வயது வந்தோர். அணுக்கள் 'டி' குலத்தவை. அவற்றின் கருக்கள் மடிந்து சிதைந்த தோற்றமுடையவை. தோலிலும் நோய் பரவியிருந்தது; மருந்துக்கு இணங்கவில்லை. அணுவின் உருவோடு நிறுத்தாமல், அம்மருத்துவர்கள் நோயாளரின் பிறப்பிடத்தையும் குறித்துக்கொண்டனர். 16 பேரில் 13 பேர் தெற்கிலுள்ள பெருந்தீவாகிய கியூஷுவில் பிறந்தவர்கள்! 'வயது வந்தோர் டி அணு இரத்தப் புற்று' என்று அதற்குப் பெயரிட்டனர்.

அந்த ஒரு குறிப்பு ஆராய்ச்சிக்கு வழிகாட்டிற்று. 1980இல் அமெரிக்காவில் காலோ குழுவினர் ஒரு 'டி' அணுப் புற்றிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தனர். 1981இல் ஹினுமா குழுவினர் ஜப்பானிய நோயாளர் இரத்தத்தில் அத்தகைய வைரஸுக்கு எதிரான பொருளைக் கண்டனர். இரண்டும் ஒன்றே என்று அடுத்துத் தெளிவாயிற்று. அது பெரும்பாலும் தாய்ப்பால் வழியே குழந்தையை அடைந்து, நாற்பது ஐம்பது ஆண்டுகள் மறைந்திருந்து, நூறு பேரில் ஐந்து பேர் அளவிலேயே புற்றாக வெளிப்படும். 1987இல் நாகசாக்கியில் கருவுற்ற பெண்களைச் சோதித்து, வைரஸ் உடையோர்க்குப் புட்டிப்பால் ஊட்ட அறிவுரை கூறும் திட்டம் தொடங்கியது. நெடுங்காலம் தாய்ப்பால் உண்ட குழந்தைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேருக்குத் தொற்றிய வைரஸ், புட்டிப்பால் உண்டோருள் 2 அல்லது 3 பேருக்கே தொற்றிற்று. சரியான பகுப்பு, பிறவாத குழந்தைகளையும் காக்க வல்லதாயிற்று.

இதனோடு 1982இல் வெளிவந்த 'செயல்முறைப் பகுப்பை' ஒப்பிடுக. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் உள்ள நான்கு நிலையங்களின் 1,175 நோயாளரைக் கொண்டு அது வகுக்கப்பட்டது. உலகிற்கெல்லாம் பொதுவாகும் நோக்குடையது. ஆனால் 'பி', 'டி' என்ற பிரிவே அதில் இல்லை. ஜப்பானிய நோய்க்கூற்றியலாரோ 1979இலேயே தமக்கெனப் பகுப்பொன்றை வகுத்து, அதில் 'பல்லுரு வகை' என்று தனியிடம் அமைத்திருந்தனர். 'எங்கும் உள்ள மருத்துவர் எளிதில் கையாள ஒரு பொதுமொழி வேண்டாவா?' என்று கேட்கலாம். வேண்டும். ஆனால், சில நாட்டாரின் நோயை மட்டும் அளந்து செய்த கோலைப் பொதுக்கோல் எனல் பொருந்தாது.

2000ஆம் ஆண்டில் ஜப்பானியர் வெளியிட்ட கணக்கு இதனை மெய்ப்பிக்கின்றது. அவர்கள் ஆராய்ந்த நோயாளர் 3,194 பேர். 'டி' அணுவையும் அதன் இனமான இயற்கைக்கொல்லி அணுவையும் சார்ந்தவை நூற்றுக்கு ஏறத்தாழ 25; முடிச்சு வகை ஏறத்தாழ 7. 1997இல் பல நாட்டு நோயாளரைக் கொண்டு வெளிவந்த ஆய்விலோ முடிச்சு வகை ஏறத்தாழ 22. 'டி' வகைகள் சிறுபான்மையே. 'டி' அணு நோய் நாலில் ஒரு பங்காக உள்ள நாட்டில், அதனைப் பிரித்துக் காட்டாத பகுப்பால் யாது பயன்? நல்வாய்ப்பாக, 1994இல் பன்னாட்டு அறிஞர் வகுத்த பகுப்பும் 2001இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பகுப்பும் உரு, குலம், மரபணு, நோயின் போக்கு அனைத்தையும் சேர்த்து நோக்கின. கியூஷு நோய்க்கும் அவற்றில் உரிய இடம் கிட்டியது.

எனினும், பிறப்பிடமே நோயின் இலக்கணம் என்று கொள்ளுதலும் பிழையாகும். கரிபியன் தீவினரிடமும் இதே நோய் உண்டென்பது 1982இலேயே அறியப்பட்டது. இது ஜப்பானிய இனத்தின் நோயன்று. ஒரு வைரஸின் நோய். ஊர் வேரைக் காட்டியது. ஊரே வேர் ஆகாது.

2022இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் பகுப்பும் வேறோர் அறிஞர் குழுவின் பகுப்பும் ஒரே ஆண்டில் தனித்தனியே வெளிவந்தன. வகைகள் பெருகுகின்றன, பெயர்களும் வேறுபடுகின்றன. ஒரே நோயாளிக்கு இரண்டு பெயர் கிடைத்தால் மயங்குபவன் அவனே அன்றோ? வகைகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஒரு பகுப்பை மதித்தல் ஆகாது. நோயின் காரணத்தை அது காட்டுகின்றதா, மருந்தைத் தேர உதவுகின்றதா, அடுத்தவரைக் காக்கின்றதா என்பவையே உரைகல். நுண்ணோக்கியை விட்டுத் தலைநிமிர்ந்து 'நீர் பிறந்த ஊர் எது?' என்று வினவிய மருத்துவரின் பகுப்பு அவ்வுரைகல்லில் தேறியது.