ஆனந்த் பட்வர்தனும் தணிக்கைச் சான்றிதழும்

ஆனந்த் பட்வர்தனைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய படங்களை முன்னால் வைத்து, அவர் நடத்திய வழக்குகளை அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகிறார்கள். இந்திய ஆவணப்படத் துறைக்கு அவர் கொடுத்தது என்ன என்று கணக்குப் பார்த்தால் இரண்டுக்கும் சம இடம் தரவேண்டியிருக்கிறது. தணிக்கையே கூடாது என்று பேசிவந்தவர், தன் படங்களைத் தணிக்கை வாரியத்தின் முன் கொண்டுபோய் வைத்தார், சான்றிதழ் வாங்கினார், தேசிய விருதுக்கு அனுப்பினார். பிறகு அந்தச் சான்றிதழையும் விருதையும் காட்டி, படத்தை ஒளிபரப்பும்படி தூர்தர்ஷனைக் கேட்டார். மறுத்தபோது நீதிமன்றப் படியேறினார். இதை முரண்பாடு என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது தெரிந்தே தேர்ந்துகொண்ட வேலைமுறையாகப் படுகிறது.

1950இல் மும்பையில் பிறந்த பட்வர்தன் தொடங்கியதோ நேர் எதிர்த்திசையில். 1974இல் பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தை சூப்பர் 8 கேமராவில் பிடித்தார். பிடித்ததைத் திரையில் ஓட்டி, அதை 16 எம்.எம். கேமராவால் மறுபடி படமெடுத்து ‘கிராந்தி கி தரங்கேன்’ உருவானது. 1975இல் நெருக்கடிநிலை வந்ததும் படம் தலைமறைவாயிற்று. பிரதியைத் துண்டு துண்டாக நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அவர் எழுதிய முதுகலை ஆய்வேடு கெரில்லா சினிமா பற்றியதுதான். அப்படிப்பட்டவர், மும்பையின் சேரிமக்கள் துரத்தப்படுவதைக் காட்டிய ‘ஹமாரா ஷஹர்’ (1985) தொடங்கி அரசின் வாசலுக்கே வந்ததற்குக் காரணம், அன்றைக்கு ஆவணப்படத்துக்கு இருந்த இடம். 1948இல் நிறுவப்பட்ட ஃபிலிம்ஸ் டிவிஷனின் செய்திப்படங்களைத் திரையரங்குகள் கட்டாயம் காட்ட வேண்டியிருந்தது. (அந்த நேரத்தில் பாதிக் கூட்டம் முறுக்கு வாங்க வெளியே போய்விடும்.) அரசு எடுக்காத ஆவணப்படத்துக்குத் திரையரங்கும் கிடையாது, ஒரேயொரு தொலைக்காட்சியும் அரசின் கையில். ரகசியத் திரையிடலுக்கு வருகிறவர்களோ ஏற்கெனவே ஒத்த கருத்துடையவர்கள். மறுகரையில் இருப்பவனிடம் பேச வேண்டுமென்றால் தூர்தர்ஷனை விட்டால் வழியில்லை.

சட்டநிலையும் கவனிக்க வேண்டியது. கே.ஏ. அப்பாஸ் தன் குறும்படம் ஒன்றுக்காகத் தொடுத்த வழக்கில், முன்தணிக்கை செல்லும் என்று 1970இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சுவரை இடிக்க முடியாது. ஆனால் அதை அரசின் பக்கமே திருப்ப முடியும். சான்றிதழ் கொடுத்தது ஓர் அரசு அமைப்பு, விருது கொடுத்தது இன்னோர் அரசு அமைப்பு. இதற்கு மேல் படம் தகுதியற்றது என்று மூன்றாவது அரசு அமைப்பு எப்படிச் சொல்லலாம்? போபால் விஷவாயுப் பேரழிவு பற்றிய விருதுபெற்ற ஆவணப்படத்தை ஒளிபரப்ப மறுத்த தூர்தர்ஷனுக்கு எதிராக 1992இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த வாதத்துக்கு வலுவூட்டியது. அயோத்தி இயக்கத்தைப் பதிவுசெய்த ‘ராம் கே நாம்’ நீதிமன்ற உத்தரவின்பேரில் 1997இல் தூர்தர்ஷனில் வந்தது. ஆண்மையும் மதவெறியும் பின்னிக்கிடப்பதைப் பேசிய ‘பித்ர, புத்ர அவுர் தர்மயுத்த’ 1995இல் முடிந்தது; அதற்கான தீர்ப்பு 2006இல் வந்தது. தனித்தனிக் காட்சிகளைப் பிய்த்தெடுத்துப் பார்க்காமல் படத்தை முழுமையாக வைத்து மதிப்பிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அதில் வற்புறுத்தியது. அணுகுண்டுச் சோதனைகளுக்குப் பின் எடுத்த ‘ஜங் அவுர் அமன்’ படத்தில் 21 வெட்டுகள் கேட்டது வாரியம். 2003இல் மும்பை உயர் நீதிமன்றம் ஒரு வெட்டும் இல்லாமல் அனுமதித்தது.

இதற்கு வலுவான மறுப்பு காலதாமதம்தான். அயோத்தி மசூதி இடிக்கப்படுவதற்கு முன்பே ‘ராம் கே நாம்’ தயாராகிவிட்டது. அயோத்தியில் நீதிமன்றம் நியமித்திருந்த பூசாரி லால்தாஸ் அதில் மதவெறி அரசியலைக் கண்டித்துப் பேசுகிறார். நாடு பார்த்தபோது மசூதியும் இல்லை, 1993இல் கொல்லப்பட்ட லால்தாசும் இல்லை. இந்த இழப்பை எந்தத் தீர்ப்பும் ஈடுசெய்யாது. ஆனால் தீர்ப்புக்காக அவர் கைகட்டிக் காத்திருக்கவில்லை. தொழிற்சங்கங்களிலும் கல்லூரிகளிலும் குடியிருப்புகளிலும் தானே படங்களைக் காட்டினார். தாமதம் அவர் படங்களைத் தின்றது. தீர்ப்புகள் பின்னால் வந்தவர்களுக்கு முன்னுதாரணமாயின. ஒருதலைப்பட்சமான படங்கள் என்ற குற்றச்சாட்டு எனக்கு அவ்வளவு வலுவாகத் தெரியவில்லை. எதிர்த்தரப்பாரை அவர் நீளமாகப் பேசவிடுகிறார். கேள்வி கேட்கும் தன் குரலையும் மறைப்பதில்லை. 14 ஆண்டுகள் எடுத்த ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011) 1997இல் மும்பை ரமாபாய் காலனியில் போலீஸ் சுட்டுப் 10 பேர் இறந்ததிலிருந்து தொடங்குகிறது. அதைத் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்ட பாடகர் விலாஸ் கோக்ரே வழியாக, தலித் அரசியலையும் அதில் இடதுசாரிகள் செய்த பிழைகளையும் சேர்த்தே பேசுகிறது. நான்கு மணிநேரம் அளவுக்கு நீளும் ‘விவேக்’ (2018) இந்த இறுக்கத்தை எட்டவில்லை. அங்கே வாதம் பரந்துவிடுகிறது.

யூடியூப் வந்தபின் இந்த வழக்குகளெல்லாம் பழங்கதை என்பார்கள். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ (2017) யூடியூப் வழியாகத்தான் தமிழகமெங்கும் பரவியது. அதனால் மிரட்டல்களும் வழக்குகளும் குறைந்துவிடவில்லை. சான்றிதழ் இருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை: 2019இல் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ‘ராம் கே நாம்’ திரையிட்ட மாணவர்களைப் போலீஸ் பிடித்துச்சென்றது. ஆனால் சான்றிதழ் இருப்பவர் தன் தரப்பைச் சட்டப்படி நிறுவ முடியும், கூட்டாகவும் போராட முடியும். 2004இல் மும்பை சர்வதேச ஆவணப்பட விழா இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கேட்டபோது இயக்குநர்கள் திரண்டு எதிர்த்தார்கள், அந்த விதி விலக்கப்பட்டது; விழா நிராகரித்த படங்களுக்காக ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவையும் நடத்தினார்கள். 2019இல் கேரள ஆவணப்பட விழாவில் ‘விவேக்’ திரையிட மத்திய அமைச்சகம் தணிக்கை விலக்கு மறுத்தது. கேரள உயர் நீதிமன்றம் அனுமதித்தது. லீனா மணிமேகலையின் ‘செங்கடல்’ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போய்த்தான் வெட்டின்றிச் சான்றிதழ் பெற்றது. அந்தத் தீர்ப்பாயத்தை 2021 ஏப்ரலில் ஒன்றிய அரசு கலைத்துவிட்டது. வாரியத்தின் முடிவை எதிர்க்கும் ஆவணப்பட இயக்குநர் இப்போது உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அதற்கான செலவோடும் காலத்தோடும்.