தணிக்கை அதிகாரி படித்ததும் படிக்காமல் விட்டதும்

டேவிட் ஒமிசி தொகுத்து 1999ல் வந்த 'இந்தியன் வாய்சஸ் ஆஃப் த கிரேட் வார்' புத்தகத்தை ஒருவழியாக முழுசும் வாசித்து முடித்தேன். முதல் உலகப்போரில் பிரான்சுக்குப் போன இந்தியச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள், வீட்டிலிருந்து அவர்களுக்கு வந்த சில கடிதங்கள், இவற்றின் தொகுப்பு. முக்கியமான வேலை, சந்தேகமே இல்லை. ஆனால் இதை 'சிப்பாயின் குரல்' என்று அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

இந்தக் கடிதங்கள் நம் கைக்கு எப்படி வந்தன என்று முதலில் பார்க்கணும். 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கியது. கொஞ்ச நாளிலேயே இந்தியத் தபாலைப் படிப்பதற்கென்று தனியாக ஒரு தணிக்கை அலுவலகம் வந்துவிட்டது. ஹோவெல் என்ற அதிகாரி அதை நடத்தினார். படையின் மனநிலையைக் காட்டும் என்று பட்ட பகுதிகளை மட்டும் எடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்து, அறிக்கையாக மேலே அனுப்பினார்கள். இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது அந்த அறிக்கைகள்தான். மூலக் கடிதங்கள் பெரும்பாலும் நம்மிடம் இல்லை.

சிப்பாய்க்குப் பல நேரம் எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்ல, எழுதத் தெரிந்த ஒருவர் எழுதுவார். ரெஜிமென்ட் அதிகாரி ஒருமுறை பார்ப்பார். பிறகு தணிக்கை அலுவலகம், அதன்பின் மொழிபெயர்ப்பு. இத்தனை கை தாண்டி வந்ததைத்தான் நாம் 'குரல்' என்கிறோம். தன் கடிதத்தை வெள்ளைக்காரர் படிக்கிறார் என்பதும் சிப்பாய்க்குத் தெரியும். அதனால்தான் இந்தியரைக் கருப்பு மிளகு என்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகு என்றும் மறைத்து எழுதினார்கள். அதிகாரிகளும் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இதெல்லாம் ஒமிசிக்குத் தெரியாததல்ல, முன்னுரையில் அவரே பேசுகிறார். என் குறை வேறு இடத்தில். அறிக்கைக்கு எடுத்தவர்கள் எதை வெட்டினார்கள்?

நம்ம ஊர்க் கடிதத்தை நினைத்துப் பாருங்கள். "நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கும். அப்பத்தா சுகமா, சித்தப்பா வீட்டில் எப்படி, மாடு கன்று போட்டதா என்று பாதிப் பக்கம் போகும். தணிக்கை அதிகாரிக்கு இதில் ஒரு தகவலும் கிடையாது. வீட்டுக்கு அதுதான் கடிதமே.

என் தொழிலில் இதற்குப் பக்கத்தில் ஒன்று உண்டு. தூரத்தில் இருக்கும் இரண்டு சர்வர்கள் சில நொடிக்கு ஒருமுறை ஒன்றுக்கொன்று ஒரு சின்ன செய்தி அனுப்பிக்கொள்ளும். கீப் அலைவ் என்போம். உள்ளே ஒன்றும் இருக்காது. வந்து சேர்ந்தால் மறுமுனை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். போர்க்களத்துக் கடிதத்தில் நலம் விசாரிப்பு செய்யும் வேலையும் இதுதான். ஒரே வித்தியாசம், கடிதம் பல வாரம் கழித்து வரும். எழுதிய தேதியில் உயிரோடு இருந்தான் என்றுதான் அது சொல்லும். இன்று இருக்கிறானா என்று சொல்லாது. அந்த இடைவெளியில்தான் குடும்பங்கள் வாழ்ந்தன. சாரத்தை மட்டும் எடுத்த அறிக்கையில் இந்தப் பயம் பாதிதான் தெரிகிறது.

அடுத்தது, தமிழர்கள் எங்கே? பிரான்சுக்குப் போனவர்களில் பஞ்சாபியரும் பட்டாணியரும் கூர்க்கா, கார்வால் ஆட்களும்தான் அதிகம். மதராஸ் படைப்பிரிவுகள் பெரும்பாலும் வேறு பக்கம் போயின. பாளையங்கோட்டை பெயரைத் தாங்கிய 63வது லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கித் தோற்றது. மதராஸ் சாப்பர்கள் மெசபடோமியாவில் இருந்தார்கள். ஆகவே பிரான்ஸ் தபாலில் இருந்து வந்த இந்தத் தொகுப்பை 'இந்தியச் சிப்பாயின் குரல்' என்று தலைப்பிட்டுச் சொல்லும்போது, அதற்குள் நம்ம ஆள் ஏறக்குறைய இல்லை. அவர் எழுதாமல் இருந்திருக்க மாட்டார். அரசுக்கு எங்கே சந்தேகமும் ஆள்பலமும் இருந்ததோ, அங்கே ஆவணம் உண்டானது. மற்ற இடத்தில் வீட்டுத் தகரப்பெட்டிதான் ஆவணக் காப்பகம்.

அந்தப் பெட்டிகள் கெங்குவார்பட்டி, தேவதானப்பட்டி பக்கமும் உண்டு. பட்டாளத்துக்குப் போன ஆள் இல்லாத தெரு இங்கே குறைவு. பழைய இன்லண்ட் கடிதங்களில் பேர், நம்பர், ரெஜிமென்ட், கீழே "56 ஏ.பி.ஓ." அல்லது "99 ஏ.பி.ஓ." என்று மட்டும் முகவரி இருக்கும். மகன் காஷ்மீரில் இருக்கிறானா ராஜஸ்தானிலா என்று அந்த 56ஐ வைத்துச் சொல்ல முடியாது. ஊர்ப்பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகவே அப்படி ஏற்பாடு. 1971லும் 1999லும் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு எத்தனை அம்மாக்கள் தபால்காரருக்குக் காத்திருந்திருப்பார்கள்!

இந்தக் கடிதங்களை எந்தத் தணிக்கை அறிக்கையும் நமக்காக எடுத்து வைக்காது. வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பரோடு போய்விடும். உங்கள் வீட்டில் இருந்தால் மொபைலில் படம் எடுத்து வையுங்கள். முகவரிப் பக்கமும் தபால் முத்திரையும் சேர்த்து எடுங்கள். முக்கியமாக, "இதில் என்ன இருக்கு, எல்லாம் சுகம் விசாரிச்சதுதான்" என்று அந்த முதல் பாதியை விட்டுவிடாதீர்கள். 1914ல் தணிக்கை அலுவலகம் அதைத்தான் விட்டது.