எயிற்பட்டினத்துப் பாணனும் சங்கீதப் பட்டமும்

மரக்காணத்தில் உப்பு வாரும் பருவத்தில் வெயில் வானத்திலிருந்து மட்டும் அடிப்பதில்லை, பாத்திகளிலிருந்தும் அடிக்கிறது. அந்த வெயிலில் நான் சிறுபாணாற்றுப்படையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து உப்பளத்துக்காரர்கள் சிரித்திருந்தால் அது நியாயமே.

காரணம் இல்லாமல் இல்லை. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனிடம் பரிசு பெற்ற பாணன் ஒருவன், பசியோடு எதிர்ப்பட்ட வேறொரு பாணனுக்கு வழி சொல்கிறான். அதுதான் அந்த 269 அடிப் பாட்டு. வழியில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணத்துப் பக்கம்தான் என்று பல ஆராய்ச்சிக்காரர்கள் கருதுகிறார்கள். பாடிய நத்தத்தனாரும் அயலூர்க்காரர் அல்லர். பக்கத்து இடைக்கழி நாட்டவர். அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமுள்ள மரம், ஒட்டகம் படுத்துத் தூங்குவதுபோல் கிடக்கிறது என்கிறார். கரையைப் பார்த்தவன் சொல்கிற சொல் அது.

இந்தப் பாட்டில் உவமைகளைப் பாராட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது வழக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இந்தப் பாணனுக்குக் கடையெழு வள்ளல்களின் கதை தெரியும். கலையை யார் எப்படி ஆதரித்தார்கள் என்ற சரித்திரம் அது. குரல் என்ற நரம்பை ஆதாரமாக வைத்து, நூல் சொல்லும் முறைப்படி யாழைக் கூட்டவும் தெரியும், அது சாஸ்திரம். பிறகு அரசன் எதிரில் வாசிக்கவும் தெரியும். வயிற்றில் ஈரத்துணியோடு நடந்த ஓர் ஆளுக்குள் இவை மூன்றும் பிரியாமல் இருந்தன. இன்று நாம் இவற்றை மூன்று பரீட்சைத் தாள்களாக்கி இருக்கிறோம்.

எனக்குத் தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு கல்லூரியில் சங்கீதப் பட்டத்துக்குப் படித்தாள். கோடு, திவவு, பத்தர், ஆணி என்று யாழின் உறுப்புகளை ஒப்பித்தாள். "அதன் நாதம் எப்படி இருந்திருக்கும், அம்மா?" என்றேன். "அது சரித்திரத் தாள், மாமா. நாதம் கேட்க மாட்டார்கள்" என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நன்றாகப் பாடுகிற பெண்.

நாதம் கேட்ட ஒருவர் இருந்தார். விபுலானந்த அடிகள் 1931-இல் அண்ணாமலை சர்வகலாசாலையில் தமிழ்ப் பேராசிரியராக வந்தவர், விஞ்ஞானமும் படித்தவர். பழம்பாட்டுகளில் வருணித்த யாழை அளவோடு மீட்டுத் தரப் பல வருஷங்கள் உழைத்து 'யாழ் நூல்' எழுதினார். படிக்கச் சுலபமான புத்தகம் அல்ல. கணக்குப் பழக்கம் இல்லாதவனுக்கு இசை நரம்பியலில் மூச்சு முட்டும். சில இடங்களில் தம் ஊகத்தையே முடிந்த கணக்காக வைத்துவிடுகிறார் என்பதும் என் அபிப்பிராயம். ஆனாலும் அந்தப் பக்கங்களுக்கு அடியில், கேட்டே ஆகவேண்டும் என்ற ஒரு தாகம் இருக்கிறது. அதற்காகவே இருமுறை படித்தேன்.

1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் நூல் அரங்கேறியபோது, புதிதாகச் செய்த யாழ்களை மீட்டியவர் க.பொ. சிவானந்தம் பிள்ளை. அவர் சங்கீத பூஷணம். அதாவது அதே அண்ணாமலையில் படித்துப் பட்டம் வாங்கியவர். ஆகவே சர்வகலாசாலையில் சங்கீதம் உருப்படாது என்று அடித்துச் சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். தமிழ்ப் பேராசிரியர் கணக்குப் போட்டார், பூஷணம் வாசித்தார். அடுத்த மாதமே அடிகள் காலமானார். அன்றைய சேர்க்கை அங்கே பாடத்திட்டமாகவில்லையே என்பதுதான் என் குறை.

ஊர் திரும்பியதும் அந்தப் பெண்ணிடம் சிறுபாணாற்றுப்படையைக் கொடுத்தேன். யாழ் வரும் இடத்தை இரண்டு தரம் மனத்துக்குள் படித்தாள். பிறகு, நான் கேட்காமலே, தம்புராவை எடுத்துச் சுருதி சேர்த்து, ஓர் அடியை மெதுவாகப் பாடிப் பார்த்தாள். சரிப்படவில்லை. கட்டையைக் குறைத்து மறுபடியும் ஆரம்பித்தாள்.