கூண்டு வண்டியின் லக்ஷணம்

கரையாம்புத்தூர் முதலிய புதுவைக் கிராமங்களிலிருந்து, மாசி மகத்துக்குச் சங்கராபரணிக் கரையிலுள்ள திருக்காஞ்சிக்கோ, வைகாசித் தேருக்கு வில்லியனூர்த் திருக்காமீசுவரர் சந்நிதிக்கோ, குழந்தை குட்டிகளோடும் கட்டுச்சோற்றோடும் புறப்பட்ட குடும்பங்களுக்கு, வாகனமும் வாசஸ்தலமுமாக ஒருங்கே விளங்கியது கூண்டு வண்டி.

அதைத் தேர்ந்தெடுப்பதே ஒரு வித்தை. மூங்கிலை வளைத்துப் பாய் வேய்ந்த கூண்டின் சௌந்தரியத்தில் மயங்காமல், விஷயமறிந்தவர் முதலில் சக்கரத்தையே பரீட்சிப்பார். குடத்தில் ஆரக்கால்கள் இறுகியிருக்கின்றனவா, பழுக்கக் காய்ச்சி வட்டையில் மாட்டி நீரூற்றிக் குளிர்வித்தபோது சுருங்கிப் பற்றிக்கொண்ட இரும்புப் பட்டா இன்னும் பிடி தளராமலிருக்கிறதா என்று தட்டிப் பார்த்த பின்னரே, பாரத்தின் சமநிலையை நோக்குவார். பின்புறம் பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி மாடுகளின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்புறம் மிகுந்தால் பிடரியை அழுத்தும். நுகம் இலேசாகத் தங்கும்படி அச்சின்மேல் பாரத்தை நிறுத்துவதிலேதான் தச்சனின் சாமர்த்தியமும் பிரயாணியின் சௌகரியமும் அடங்கியுள்ளன.

இன்று மோட்டாரின் பின்னே இழுத்துச் சென்று, பின்புறமாக விரித்துக் கூடாரமாக்கும் வண்டியைக் குடும்பத்துக்கென வாங்குவோரும், முன்பாரம் அளவோடிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். வாயில்லா ஜீவன்களின் க்ஷேமத்துக்காக வகுத்த நியாயம் இயந்திரத்துக்கும் பொருந்துவது, நம் தச்சர்களின் ஞானத்துக்குச் சிறந்த அத்தாட்சி.